மாவு வெள்ளையாக வரும் வரை

பா டவுன், பிஜித் தீவு
8-2-1982, திங்கள்

அன்புள்ள கிருபா அக்காவுக்கு,

உன் தம்பி கடலுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறேன். உன் ஒற்றைத் தலைவலி தேவலையா? அப்பாவுக்கு இருமல் குறைந்ததா? இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டு மற்றதை எழுது.

எங்கள் மார்மன் சபையில் ஊழியக்காரர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஜோடி அமெரிக்காக்காரர், எல்டர் ஜென்சன். உருளைக்கிழங்கு போடுகிற விவசாய வீட்டுப் பிள்ளை, என் வயதுதான். ஒருவரை விட்டு ஒருவர் எங்கேயும் போகக் கூடாது. காலை ஆறரைக்கு எழுந்து வேதம் படித்து, வெள்ளைச் சட்டையும் டையும் மாட்டிக்கொண்டு ஒன்பதரைக்குச் சைக்கிளில் கிளம்புவோம். கரும்புக்காட்டு வழியே போய் வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். சனிக்கிழமை நாற்பத்தோரு கதவு. மூன்று வீட்டில் உட்காரச் சொன்னார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இங்கே பாதிப் பேர் அந்தக் காலத்தில் நம் தேசத்திலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் வம்சம். இந்தி மாதிரி ஒன்று பேசுகிறார்கள். அடுத்த வீட்டுக் கோவிந்தம்மாளுக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் மிச்சம் இருக்கிறது.

துணி துவைக்க, கடிதம் எழுத எல்லாம் திங்கட்கிழமைதான். வீட்டுக்குப் போன் பேசுவது கிடையாது. 84 ஜனவரியில் ஊழியம் முடிகிறவரை ஊருக்கு வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பித்தூள் கடைக்காரர் மகன், சபையில் ஆகாது என்று காப்பி குடிக்க மாட்டேன் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஒன்பது வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவன் நான். குடும்பம் சாவோடு முடிந்துபோகாது, அம்மாவை மறுபடி பார்க்கலாம் என்று சொன்ன சபையை நான் எப்படி விடுவேன்? இந்தக் கடிதத்தை அப்பா காதில் விழுகிற மாதிரி வாசி.

எல்டர் பலவேசம்


போடிநாயக்கனூர்
3-3-1982

எல்டர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ பெரிய மனிதர் எழுதியிருக்கிறார் என்று எழுந்து நின்றுவிட்டேன். எல்டர் என்றால் மூப்பர் என்று அர்த்தமாமே. மீசை ஒழுங்காக முளைக்காதவனுக்கு மூப்பர் பட்டமா? எனக்கு நீ பலவேசம்தான். தலைவலி தேவலை. அப்பா இருமல் அப்படியே இருக்கிறது.

கடிதத்தைக் கடையில் வைத்தே வாசித்தேன். நான் ஆரம்பித்ததும் அப்பா அரவை மெஷினை நிறுத்தினார்கள். பெல்ட் சூடேறிவிட்டதாம், ஆறட்டுமாம். மெஷின் ஓட்டுகிற சுருளிவேல் அண்ணன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நாயை அவிழ்த்துவிட்ட இடம் வந்ததும் அப்பா பெல்ட்டைப் பார்த்தபடியே கேட்டார்கள்.

“கடிச்சிருச்சாமா?”

எட்டு மாதத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவர்கள் வாயில் வந்த முதல் வார்த்தை அது. ராத்திரி சாப்பிடும்போது இன்னொன்று கேட்டார்கள். “அங்கன காலையில என்னத்தக் குடிப்பானாம்? வெறும் வயித்தோடயா சைக்கிள் மிதிக்கிறான்?”

நீ காப்பி குடிக்காதது அல்லடா அவர்களுக்குக் கோபம். கோயம்புத்தூர்க் காலேஜில் படிக்கப் போன இடத்தில் புதுச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். அப்பா தன் கையால் போட்ட காப்பியைத் தள்ளிவைத்து, ‘இது சுத்தமில்லாதது’ என்றாய். அம்மா பேரில் நடக்கிற கடை அது. டப்பாவுக்கு டப்பா ‘சாராள் காப்பி’ என்று எழுதியிருக்கிறது. வேண்டாம் என்றால் போதாதா? அந்த வார்த்தையை எந்தக் காலேஜில் கற்றுக்கொண்டாய்?

நேரத்துக்குச் சாப்பிடு. நாய் கடித்ததா என்று எழுது.

கிருபாவதி


பா டவுன்
19-4-1982, திங்கள்

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலமாக இருக்கத் தினமும் முழங்காலில் நிற்கிறேன். நாய் என்னைக் கடிக்கவில்லை, பேண்ட்டைத்தான் கடித்தது. தையல் போட்டு அதையே மாட்டிக்கொண்டு அலைகிறேன் என்று அப்பாவிடம் சொல்.

இங்கே விடாத மழை. செருப்புக்கடையில் இரண்டு தடவை ஷூவுக்கு அடி மாற்றியாகிவிட்டது. போகிற வீட்டிலெல்லாம் முதலில் டீயைத்தான் நீட்டுகிறார்கள். எங்களுக்கு டீயும் ஆகாது. வேண்டாம் என்று கும்பிட்டால், அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. அப்புறம் நான் என்ன பேசினாலும் காதில் ஏறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காலையில் எல்டர் ஜென்சன் பால்பவுடர் கலக்கிக் குடிப்பார். எனக்கு அது குமட்டும். அதனால் வெந்நீர்தான். மழை நாளில் தொண்டைக்குச் சூடாக, காரமாக ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். பரவாயில்லை, பழகிவிட்டது.

எல்டர் பலவேசம்


போடிநாயக்கனூர்
20-5-1982

பலவேசத்துக்கு,

வெயில் கொளுத்துகிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

விமானத் தபாலில் ஒரு டப்பா வருகிறது. உள்ளே சுக்கு, மல்லி, ஏலக்காய் அரைத்த பொடி. காப்பிக்கொட்டை ஒன்றுகூடக் கிடையாது, அம்மா மேல் சத்தியம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெல்லம் கிடைத்தால் தட்டிப் போட்டுக் குடி. நான்தான் அனுப்புகிறேன், வேறு யாரும் இல்லை.

குடித்துவிட்டு எப்படி இருந்தது என்று அன்றைக்கே எழுது. திங்கட்கிழமை வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. காத்துக்கொண்டிருக்கிறேன்.

கிருபா


பா டவுன்
5-7-1982, திங்கள்

அன்புள்ள அக்கா,

உன் தலைவலிக்கும் அப்பா இருமலுக்கும் மருந்து தவறாமல் நடக்கிறதா?

டப்பா வந்தது. அம்மா பேரைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினேன். அக்கா, நம் கடையே உள்ளே வந்துவிட்டது. காப்பி வாடை. எல்டர் ஜென்சனிடம் நீட்டினேன், அவர் முகர்ந்துவிட்டுக் காப்பிதான் என்று தலையை ஆட்டினார்.

நீ பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாய். ஆனால் நம் மெஷினில் அரைத்தது காப்பி கலக்காமல் எப்படி இருக்கும்? முப்பது வருஷம் காப்பி அரைத்த மெஷின் சுத்தமாகுமா? அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊரெல்லாம் காப்பியை விடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் குடித்தால் என் வாய்க்கு என்ன மரியாதை? பொடியை டப்பாவோடு கோவிந்தம்மாளிடம் கொடுத்துவிட்டேன். நீ இதற்காகப் பட்ட கஷ்டத்துக்கு என்னை மன்னித்துக்கொள்.

இது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். கடிதத்தை முதலில் நீ தனியாகப் படி.

எல்டர் பலவேசம்


போடிநாயக்கனூர்
14-9-1982

பலவேசத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் இருக்கும். கடையில் வேலை சரியாக இருந்தது.

‘தனியாகப் படி’ என்பதைக் கடிதத்தின் கடைசியில் எழுதாமல் முதல் வரியில் எழுதப் பழகு. டப்பா விஷயம் சரி. கொடுத்தது கொடுத்ததுதான்.

அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. மாடி ஏறுவதில்லை, கீழேயே படுக்கை. டாக்டர் ஊசி போடுகிறார். நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கிருபா


போடிநாயக்கனூர்
4-11-1982
(இந்தக் கடிதம் அப்போது தபாலில் சேர்க்கப்படவில்லை.)

தம்பி பலவேசம்,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை. அப்பா போய்விட்டார்கள். போன சனிக்கிழமை, அக்டோபர் முப்பது, விடிகிற நேரத்தில் மூச்சு நின்றது. சாயங்காலமே கல்லறைத் தோட்டத்தில் அம்மா பக்கத்தில் வைத்தோம். முதல் பிடி மண்ணை நான் போட்டேன். மகன் எங்கே, மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் சுருளிவேல் அண்ணன்தான் பதில் சொன்னார்.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். அந்தப் பொடியை அனுப்பியது நான் இல்லை. உன் மழைக் கடிதத்தை வாசித்த மறுநாள் எஸ்டேட் சம்பள நாள். மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக ஜனம் இறங்குகிற நாள். அன்றைக்குப் போய் அப்பா கடையைப் பாதி சாத்திவிட்டார்கள். மெஷினைக் கழற்றித் தட்டு, கல், குழாய் என்று ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்தார்கள். சுருளிவேல் அண்ணனைக்கூடத் தொட விடவில்லை. திரும்ப மாட்டிப் பச்சரிசியைப் போட்டு ஓட்டினார்கள். மாவு பழுப்பாக வந்தது. மறுபடி கழற்றினார்கள். இரண்டாம் தடவையும் லேசாக நிறம் இருந்தது. மூன்றாம் தடவை மாவு வெள்ளையாக வந்த பிறகுதான் உன் பொடி அதில் இறங்கியது. வாடிக்கைக்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அப்பா காதிலேயே வாங்கவில்லை.

“சுத்தமில்லேன்னான்ல. இப்ப சொல்லச் சொல்லு” என்றார்கள். அப்புறம் என்ன நினைத்தார்களோ, “நான் அனுப்புனேன்னு எழுதாத ஆத்தா. குடிக்க யோசிப்பான். நீ அனுப்புனதாவே இருக்கட்டும்” என்றார்கள்.

இவ்வளவும் செய்தவர்கள் டப்பாவை மறந்துவிட்டார்கள். வறுத்த கொட்டையை மாதிரிக்குப் போட்டு வைக்கிற பழைய டப்பா அது. அப்பாவும் முகர்ந்தார்கள், நானும் முகர்ந்தேன். வாழ்நாள் முழுக்கக் காப்பியிலேயே கிடந்த மூக்குகளுக்குக் காப்பி வாடை எங்கே தெரியப்போகிறது?

உன் கடிதத்தை வழக்கம்போல மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்கள். ‘முப்பது வருஷம் காப்பி அரைத்த மெஷின் சுத்தமாகுமா’ என்று நான் வாய்விட்டு வாசித்த பிறகு அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை. அப்பா பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு, “சொன்ன சொல்லுல நிக்கிறான்ல. நிக்கட்டும்” என்றார்கள். எழுந்து போய் மெஷினைப் போட்டார்கள்.

கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவனுக்கு எழுதிராத. எடுத்த வேலைய முடிச்சிட்டு வரட்டும்” என்றார்கள். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அக்கா


பா டவுன்
20-12-1982, திங்கள்

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் பலவேசம் எழுதிக்கொண்டது. மூச்சு வாங்குவதாக அக்கா எழுதியிருந்தாள். இப்போது சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் நேராக எழுதுகிற முதல் கடிதம் இது. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வாரம் ஒரு குடும்பம் எங்களிடம் முழுக்கு எடுத்தது. கரும்பு லாரி ஓட்டுகிறவர், அவர் மனைவி, மகன். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மகனை முக்கி எடுத்தேன். அவன் எழுந்ததும் கரையில் நின்ற அப்பாவைத்தான் தேடினான். அந்த மனிதர் உடுத்தியிருந்த துணியோடு தண்ணீரில் இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நீங்கள் கொடுத்த காப்பியைச் சுத்தமில்லாதது என்று சொன்னேன். அது தப்பு. குடிக்காமல் இருப்பது என் வாக்கு, அதை மாற்ற மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை தப்பு. உங்கள் கை வேலையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரே ஒரு வரி எழுதுங்கள் அப்பா. திட்டி எழுதினாலும் சரி. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்களோடு,

உங்கள் மகன்
பலவேசம்


போடிநாயக்கனூர்
25-1-1983

பலவேசத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கடை நடக்கிறது. சுருளிவேல் அண்ணன் துணையாக இருக்கிறார்.

அப்பாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. மறுநாளே அப்பாவிடம் கொண்டுபோய் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பதிலுக்காகக் காத்திருக்காதே. உன் கடிதம் அவர்களிடமே இருக்கிறது.

வேலையைக் கவனி. நேரத்துக்குச் சாப்பிடு.

கிருபா


பா டவுன்
6-6-1983, திங்கள்

அன்புள்ள அக்கா,

நீ இப்போதெல்லாம் போஸ்ட்கார்டு அளவுக்குத்தான் எழுதுகிறாய். கேலியும் இல்லை, திட்டும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அப்பா இன்னும் மனம் இறங்கவில்லையா? பரவாயில்லை, ஜனவரியில் நேரிலேயே வந்து காலில் விழுகிறேன்.

ஒரு முக்கியமான காரியம். ஊழியம் முடிந்து திரும்பும் வழியில் எங்கள் ஆலயம் இருக்கிற ஊருக்குப் போகப் போகிறேன். இறந்துபோன நம் சொந்தங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களுக்குப் பதிலாக நாம் முழுக்கு எடுத்துக்கொள்ளலாம். நான் இந்தச் சபைக்கு வந்ததே இதற்காகத்தான். இத்துடன் நிரப்ப வேண்டிய ஒரு பாரம் வைத்திருக்கிறேன். அம்மா, தாத்தா, அவருக்கு முந்தியவர்கள் என்று உனக்குத் தெரிந்த அத்தனை பேரையும், பிறந்த தேதி, இறந்த தேதியோடு எழுதி அனுப்பு. தேதி தெரியாத இடத்தை அப்பாவிடம் கேள். இந்தச் சாக்கிலாவது அவர்கள் என்னைப் பற்றிப் பேசட்டும்.

எழுதுகிறது உண்மையாக இருக்க வேண்டும். இறந்தவர்கள் பெயர் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. உயிரோடு இருப்பவர்கள் பெயர் ஒன்றுகூட வரக் கூடாது.

எல்டர் பலவேசம்


போடிநாயக்கனூர்
9-10-1983

என் தம்பி பலவேசம்,

இதை உட்கார்ந்து படி. அந்த ஜென்சன் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் பாரம் மூன்று மாதமாக மேஜை டிராயரில் கிடந்தது. அம்மா பெயரை எழுதினேன், தாத்தா பெயரை எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பொடி அனுப்பியது யார் என்பதைத் தவிர நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். ஆனால் நீ ஆலயத்தில் கொண்டுபோய் வைக்கிற தாளில் ஒரு பெயரை விட்டுவிட்டு எழுத என்னால் ஆகவில்லை. மூன்றாவது வரியைப் பார். அய்யாத்துரை, இறந்த தேதி 30-10-1982.

அன்றைக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். டப்பாவைப் பற்றி அதில் இருக்கிறது. உன் கிறிஸ்துமஸ் கடிதத்தை அப்பாவிடம் வாசித்தேன் என்று எழுதினேன் அல்லவா? கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்துவிட்டு மண்ணைத் தோண்டி உள்ளே வைத்தேன்.

எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னது பாதிக் காரணம்தான். மீதி என்னுடையது. எழுதி, அதைப் படித்தும் நீ வராமல் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன். அப்பாவைப் புதைத்த வாரத்திலேயே உன்னையும் சேர்த்துப் புதைக்க எனக்குத் தெம்பு இல்லை. கேட்காமல் இருந்தால், நீ வந்திருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்ளலாம் இல்லையா? ஒரு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு கடையைத் திறக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். வந்திருப்பாயா?

அக்கா


பா டவுன்
31-10-1983, திங்கள்

அக்கா,

நீ தனியாக இருக்கிறாய் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. ஒரு வருஷமாகச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. எல்டர் ஜென்சன் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். இப்போது ஜோடியாக இருப்பவர் புதியவர், பாவம், நான் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

வந்திருப்பாயா என்று கேட்டாய். இல்லை அக்கா. வந்திருக்க மாட்டேன். எங்கள் ஊழியத் தலைவரிடம் கேட்டிருந்தால் போய் வா என்றுகூடச் சொல்லியிருப்பார். நான்தான் கேட்டிருக்க மாட்டேன். அழுதுவிட்டு, வேதத்தில் ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்து உனக்கு எழுதிவிட்டு, மறுநாள் ஒன்பதரைக்குச் சைக்கிளை எடுத்திருப்பேன். அப்போது நான் அப்படி இருந்தேன். நீ பயந்தது சரிதான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நீயும் கடைசியில் உண்மையைத்தான் எழுதினாய்.

அப்பா பெயரை நான் கொடுக்கப்போவதில்லை. அம்மா பெயரையும் தாத்தா பெயரையும் மட்டும் கொடுக்கிறேன். அப்பாவைக் கேட்காமல் அவர்களுக்காக ஒன்றைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை அவர்களைக் கேட்காமல் பேசியது போதும்.

நேற்று அப்பா போய் ஒரு வருஷம். சாயங்காலம் கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போய் டப்பாவைக் கேட்டேன். பொடி வந்த மாதமே தீர்ந்துவிட்டதாம். கரும்பு வெட்டுகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தார்களாம். “காப்பி வாசம் மூடியில மட்டும்தான்யா இருந்துச்சு, உள்ள சுத்தமான சுக்கு” என்றார்கள். குடித்தவர்களுக்கு இருமல் சட்டென்று நின்றதாம். டப்பாவில் இப்போது நூல்கண்டும் ஊசியும் இருந்தன. கொட்டிவிட்டுக் கொடுத்தார்கள்.

மூலையில் எங்கேயாவது ஒரு துளி ஒட்டியிருக்கும் என்று விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். முகர்ந்தேன். காப்பி வாடைகூட இல்லை. அம்மா பேர் மட்டும் பாதி அழிந்து இருக்கிறது.

இன்று காலையில் மழை. தண்ணீரைக் கொதிக்க வைத்து டப்பாவில் ஊற்றி, மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அப்புறம் முழுவதும் குடித்தேன்.

வெறும் வெந்நீர்தான் அக்கா.

உன் தம்பி
பலவேசம்